என்.ஏ.டி. கேட்வே காவல் ஆகுமா?

மேகக் கணிமையில் சேவையகம் அமைப்பவர் முன் வரும் முதல் கேள்விகளுள் ஒன்று, என்.ஏ.டி. கேட்வே போதுமா, கிளவுட் ஃபயர்வால் வேண்டுமா என்பது. மண்டகப்பட்டு போன்ற ஊர்களிலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கணினி படிக்கச் செல்லும் மாணவர்கள் பலர், "இரண்டும் பாதுகாப்புக் கருவிகள், ஒன்று மலிவு, மற்றது விலை அதிகம்" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இவ்விளக்கம் தவறானது. இதை நம்பி அமைக்கப்படும் வலையமைப்பும் ஆபத்தானது.

என்.ஏ.டி. செய்யும் வேலை

ஐபி பதிப்பு 4இல் உள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. அவை தீர்ந்துவிடும் என்ற கவலையில் பிறந்ததே என்.ஏ.டி. முறை. 1994 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1631 இதை விவரித்தது. நோக்கம் முகவரிச் சிக்கனம்; காவல் அன்று.

பள்ளி அலுவலகத்தில் தபால் அனுப்பும் எழுத்தரை எண்ணிப் பாருங்கள். எந்த ஆசிரியர் எழுதினாலும் கடிதம் பள்ளியின் முகவரியில்தான் போகும். எழுதியவர் யார் என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பார். பதிவேட்டில் இல்லாத கடிதம் வந்தால், கொடுக்க ஆளில்லாமல் ஒதுக்கிவிடுவார். இந்தக் கடைசிச் செயல்தான் காவல் போலத் தோன்றுகிறது. ஆனால் யாருக்கு எழுதலாம், யாருக்கு எழுதக் கூடாது என்று அவர் தீர்மானிப்பதில்லை. உள்ளே புகுந்துவிட்ட தீம்பொருள் தானே வெளியே தொடர்பு கொண்டால், என்.ஏ.டி. அதையும் அனுப்பிவைக்கும், பதிலையும் கொண்டுவந்து சேர்க்கும்.

ஃபயர்வால் செய்யும் வேலை வேறு. எங்கிருந்து, எங்கே, எந்த போர்ட்டில் என்று விதிகளுடன் ஒப்பிட்டு அனுமதிக்கும் அல்லது மறுக்கும்.

"இதுவா, அதுவா" என்பதன் குறை

மைக்ரோசாஃப்ட் அஸூரை எடுத்துக்கொள்வோம். அதன் தென்னிந்தியத் தரவு மையம் 2015 முதல் சென்னையில் இயங்குகிறது. அஸூர் ஃபயர்வால் முகவரி மாற்றத்தையும் தானே செய்யும். ஆனால் ஒரு பொது முகவரிக்கு, ஒவ்வொரு இயங்கு பிரதியிலும் 2,496 போர்ட்டுகளே கிடைக்கும். என்.ஏ.டி. கேட்வேயில் ஒரு முகவரிக்கு 64,512. வெளித்தொடர்புகள் மிகுந்த இடங்களில் இரண்டையும் இணைத்தே பயன்படுத்தலாம். ஆகவே ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை நிறுத்துவது பொருந்தாது.

ஐபி பதிப்பு 6இல் முகவரிப் பஞ்சம் இல்லை, என்.ஏ.டி.யும் பெரும்பாலும் தேவையில்லை. என்.ஏ.டி.யையே காவலாக நம்பியிருந்தவருக்கு அங்கே காவலே இராது.

ஃபயர்வாலின் எல்லை

ஃபயர்வால் வாங்கினால் கவலை தீர்ந்தது என்பதும் மிகையே. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. 5 சேவையகங்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்நாள்களில் நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது. வாசலில் எதை வைத்தாலும், உள்ளே அறைக்கு அறை கதவு இல்லாவிட்டால் பயன் குறைவு.

மாணவர்களுக்கு

முதலில் கேட்க வேண்டியவை: இந்தச் சேவையகம் யாரோடு பேச வேண்டும்? யாரோடு பேசக் கூடாது? இதற்கான அடிப்படை விதிகளை ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் செக்யூரிட்டி குரூப், அஸூரின் நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப் ஆகியவற்றில் தனிக் கட்டணமின்றியே எழுதலாம். பொது முகவரி இல்லாத சேவையகம் வெளியே போக வேண்டுமானால் என்.ஏ.டி. தேவை. போகும் இடங்களைச் சல்லடையிட வேண்டுமானால் கிளவுட் ஃபயர்வால் தேவை. எதுவானாலும் பதிவுகளைச் சேமித்து வையுங்கள்; செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 ஆணைப்படி 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். பல கணினிகள் ஒரே முகவரியில் வெளியே போகும் இடத்தில், தவறு எங்கே நடந்தது என்று காட்டுவது அந்தப் பதிவேடு மட்டுமே.