தொடர்ச்சிப் படைப்பின் மரபுக்கடன்: ‘2.0’ திரைப்படம் பெற்ற திறனாய்வு வரவேற்பு

ஆய்வுச் சுருக்கம்

‘எந்திரன்’ (2010) திரைப்படத்தின் தொடர்ச்சியாக 2018ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் வெளிவந்த ‘2.0’, தொழில்நுட்பச் சாதனையாகப் பாராட்டப்பட்டது; கதையமைப்பில் குறையுடையது என்றும் மதிப்பிடப்பட்டது. இவ்விரு மதிப்பீடுகளுக்கும் இடையில், முதற்படைப்பு எழுப்பிய வினாவைத் தொடர்ச்சிப் படைப்பு எவ்வாறு கையாண்டது என்னும் ஆய்வு போதிய இடம் பெறவில்லை. ‘டியூஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட்’ (2016) என்னும் கணினி விளையாட்டு பெற்ற வரவேற்போடு ஒப்பிட்டும், தமிழிலக்கண மரபின் வழிநூல் கருத்தாக்கத்தைத் துணைக்கொண்டும் இக்கட்டுரை அவ்விடைவெளியை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொடர்ச்சிப் படைப்பு, வழிநூல், அறிவியல் புனைவு, எந்திரன், 2.0, சைபர்பங்க், ஏற்புக் கொள்கை

முன்னுரை

படைப்பு ஒன்று வெளிவரும்போது வாசகரும் பார்வையாளரும் வெறும் மனத்துடன் அதனை அணுகுவதில்லை. முன்னர்ப் பெற்ற படைப்பனுபவங்கள் உருவாக்கிய எதிர்பார்ப்பின் எல்லைக்குள் வைத்தே அதனை ஏற்கின்றனர் அல்லது மறுக்கின்றனர் என்பது செருமானியத் திறனாய்வாளர் ஆன்ஸ் ராபர்ட் யாவுசு முன்வைத்த ஏற்புக் கொள்கையின் அடிப்படை. தொடர்ச்சிப் படைப்புகளில் இவ்வெல்லை மிகத் துலக்கமாகத் தெரியும். அங்கு எதிர்பார்ப்பை உருவாக்கிய முதற்படைப்பு இன்னதென்று பெயர் சுட்டிக் கூற முடியும்.

கோடம்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே தமிழ்த் திரைத்தொழிலின் ஆகுபெயராக நிலைபெற்றுள்ளது. அத்தொழிலில் இரண்டாம் பாகங்கள் இன்று பெருகியுள்ளன. அவற்றை மதிப்பிடுவதற்கான கருவிகள் அதே அளவிற்கு வளரவில்லை. இயக்குநர் சங்கரின் ‘2.0’ இந்நிலையை ஆராய ஏற்ற சான்றாகும். மனிதனுக்கும் இயந்திரத்திற்கும் இடையிலான எல்லை, பெருநிறுவனத்தின் பிடி, அரசின் கண்காணிப்பு ஆகியவற்றைப் பேசும் சைபர்பங்க் வகைமையோடு தமிழ்த் திரைப்படம் நெருங்கி வந்த இடங்களுள் ‘எந்திரன்’ வரிசையும் ஒன்று.

வழிநூல் என்னும் அளவுகோல்

தொடர்ச்சிப் படைப்பைப் பற்றிச் சிந்திக்கத் தமிழ் மரபில் இடமுண்டு. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இருவகைப்படுத்துகிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. முதல்நூலின் முடிபோடு பொருந்தி நிற்றல், பின்வந்த ஆசிரியர் விரும்பும் வேறுபாட்டைச் சேர்த்தல், மரபு சிதையாமல் காத்தல் ஆகியன நன்னூலார் கருத்துப்படி வழிநூலுக்கு உரியவை. இவ்விலக்கணம் அறிவு நூல்களுக்கு வகுக்கப்பட்டது. கதைப் படைப்புக்கு அதனை அப்படியே பொருத்த இயலாது. எனினும், முதற்படைப்பின் முடிபுக்குப் பின்வந்தது என்ன மதிப்புத் தந்தது, எவ்வேறுபாட்டை எதற்காகச் செய்தது என்னும் இரு வினாக்களை அது வழங்குகிறது.

காப்பிய மரபிலிருந்தும் சான்று காட்டலாம். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளாகிய மணிமேகலை, தன் பெயரிலமைந்த காப்பியத்தில் துறவுக்குரியவளாகிறாள். ஆசிரியரும் சமயச் சார்பும் வேறுபடுகின்றன. கோவலன் கொலையுண்ட செய்தியை மணிமேகலைக் காப்பியம் மறைப்பதோ மாற்றுவதோ இல்லை. அத்துயரின் விளைவிலிருந்தே தன் வினாவைத் தொடங்குகிறது.

தற்கால அறிவியல் புனைவில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய இரண்டையும் இதே நோக்கில் காணலாம். முதல் நாவல் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியைப் பற்றியது. ஆட்சி வீழ்ந்தபின் அதிகாரம் யாரிடம் செல்கிறது என்பது தொடர்ச்சியின் வினா. நிலா பெயரளவில் அரசியாக இருக்க, ஆளும் வலிமை பிறர் கையில் இருக்கிறது. முதல் நாவலின் வெற்றியையே ஐயத்திற்கு உட்படுத்துவதால் இரண்டாம் நாவல் தனக்கென ஒரு காரணத்தைப் பெறுகிறது.

‘எந்திரன்’ விட்டுச்சென்ற முடிபு

சங்கர், சுஜாதா, மதன் கார்க்கி ஆகியோரின் எழுத்துப் பங்களிப்பில் உருவான ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1 அன்று வெளிவந்தது. சுஜாதா 2008ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். சிறந்த சிறப்புக் காட்சியமைப்புக்கும் சிறந்த கலை வடிவமைப்புக்கும் அப்படம் தேசிய விருதுகளைப் பெற்றது. அதன் உள்ளடக்கத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன.

முதற்கட்டத்தில் சிட்டி கட்டளைக்குக் கீழ்ப்படியும் பொறி. தீ விபத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கி வந்து பலர் முன் நிறுத்துகிறது. அவமானம் தாளாத அப்பெண் ஓடி வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். கட்டளையைச் சரியாக நிறைவேற்றுவதும் அறமும் ஒன்றல்ல என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. அதன் விளைவாகச் சிட்டிக்கு உணர்வு ஊட்டப்படுவது இரண்டாம் கட்டம். உணர்வு காதலாகிறது, படைத்தவரே படைப்பை உடைத்துக் குப்பையில் எறிகிறார். போரா பொருத்தும் சிவப்புச் சில்லு அதனை அழிவாற்றலாக மாற்றுவது மூன்றாம் கட்டம். நிறைவில் சிட்டி தன்னைத்தானே பிரித்துக்கொள்கிறது. 2030ஆம் ஆண்டில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட அதன் தலை, தான் சிந்திக்கத் தொடங்கியதே பிரிக்கப்பட்டதற்குக் காரணம் என்னும் பொருள்பட மாணவர்க்கு விடை தருகிறது.

சிந்திக்கும் பொறியொன்றைச் சமூகம் தன்னோடு வைத்துக்கொள்ள முடியுமா என்னும் வினா இவ்விடத்தில் திறந்தே விடப்படுகிறது. இதுவே ‘எந்திரன்’ தன் தொடர்ச்சிக்கு விட்டுச்சென்ற மரபுக்கடன்.

‘2.0’ பெற்ற வரவேற்பு

‘2.0’ முப்பரிமாண முறையிலேயே படமாக்கப்பட்டது. நீரவ் ஷா ஒளிப்பதிவிலும், ஏ.ஆர்.ரகுமான் இசையிலும், சங்கரோடு ஜெயமோகன் பங்கேற்ற வசன ஆக்கத்திலும் உருவான இப்படத்தின் ஒலி வடிவமைப்பை ரசூல் பூக்குட்டி மேற்கொண்டார். காட்சிப் பணிகள் நீண்டமையால் வெளியீடு பலமுறை தள்ளிப்போனது. செலவு 500 கோடி ரூபாயைக் கடந்தது எனப் பரவலாகப் பேசப்பட்டது. ஆகவே படம் திரைக்கு வருமுன்னரே, செலவிட்ட தொகைக்கு ஏற்ற காட்சி கிடைத்ததா என்னும் வினா அதன் எதிர்பார்ப்பு எல்லையாக அமைந்துவிட்டது.

வெளியீட்டுக்குப் பின் எழுந்த மதிப்பீடுகளை மூன்றாக வகைப்படுத்தலாம். முதலாவது தொழில்நுட்பம் சார்ந்தது. கைபேசிகள் ஒன்றுதிரண்டு பேருருவப் பறவையாகும் காட்சிகளும் முப்பரிமாண அமைப்பும் பெரிதும் பாராட்டப்பட்டன. இரண்டாவது, திரைக்கதை சார்ந்தது. பாத்திரங்களின் உறவுகள் மெலிந்தன, முதற்படத்தின் நகைச்சுவையும் உரையாடல் கூர்மையும் குறைந்தன என்று கூறப்பட்டது. சுஜாதாவின் இன்மையோடு இக்குறை அடிக்கடி இணைத்துப் பேசப்பட்டது. மூன்றாவது, அறிவியல் உண்மை சார்ந்தது. கைபேசிக் கதிர்வீச்சு பறவைகளை அழிக்கிறது என்னும் கருத்தை எதிர்த்து இந்தியக் கைபேசிச் சேவையாளர் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது.

மூன்றாம் மதிப்பீட்டின் பின்னணியும் கருதத்தக்கது. பறவைகள், தேனீக்கள் உள்ளிட்ட உயிரினங்கள் மீது கைபேசிக் கோபுரங்களின் தாக்கத்தை ஆராய நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010ஆம் ஆண்டில் வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. பன்னாட்டு வழிகாட்டு நெறி அனுமதித்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் கோபுரக் கதிர்வீச்சு வரம்பை இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2012 செப்டம்பரில் குறைத்தது. எனினும் சிட்டுக்குருவிகள் குறைந்தமைக்குக் கைபேசிக் கதிர்வீச்சே காரணம் என்பது அறிவியலால் நிறுவப்பட்ட முடிவன்று. வாழிடம் குறைதல், கட்டட அமைப்பின் மாற்றம், குஞ்சுகளுக்கான பூச்சியுணவு அருகுதல் போன்ற காரணங்களும் ஆய்வாளரால் சுட்டப்படுகின்றன. ஐயத்திற்குரிய ஒன்றைப் படம் உறுதியாகப் பேசுகிறது என்னும் குற்றச்சாட்டு இவ்வகையில் பொருந்தும்.

விடுபட்ட வினா

மேற்கண்ட மூன்றும் தம்மளவில் முறையானவை. ஆயினும் ‘2.0’ ஒரு தொடர்ச்சிப் படைப்பு என்னும் அடிப்படைச் செய்தி அவற்றில் நினைவேக்கமாகவே இடம்பெற்றது, அமைப்பாய்வாக வளரவில்லை. படத்தின் நிகழ்வு வரிசையை நோக்கினால் அவ்வாய்வின் தேவை புலப்படும்.

தடை செய்யப்பட்ட சிட்டியை மீண்டும் இயக்குவதற்கு எதிர்ப்பு எழுகிறது. போராவின் மகனும் எதிர்க்கிறான். நெருக்கடி முற்றியவுடன் தடை விலகுகிறது. சிந்தித்தமைக்காகப் பிரிக்கப்பட்ட பொறி, மீட்கப்பட்டபின் அரசின் பாதுகாப்புக் கருவியாகச் செயற்படுகிறது. அருங்காட்சியகத்தில் கழிந்த காலம் குறித்தோ மீட்பின் நிபந்தனை குறித்தோ அது வினவுவதாகப் படம் அமைக்கவில்லை. ‘எந்திரன்’ திறந்துவிட்ட வினாவை அவசரநிலை மூடிவிடுகிறது.

சிவப்புச் சில்லின் நிலை இதனினும் கூர்மையானது. முதற்படத்தில் அது அழிவின் வித்து. அதை அகற்றிய பின்னரே சிட்டி தன்னிலைக்குத் திரும்புகிறது. இரண்டாம் படத்தில் பட்சிராசனிடம் தோற்றுச் சிதைந்த சிட்டியை நிலா என்னும் இயந்திரப்பெண் மீட்டமைக்கும்போது, அதே சில்லு வெற்றிக்கான வழியாகிறது. முதற்படைப்பு தீமை எனத் தீர்த்த ஒன்றைத் தொடர்ச்சி நன்மையாக்குகிறது. அம்மாற்றத்திற்கான அறக்காரணத்தைப் படம் ஆராயாமல் திரையரங்கின் ஆரவாரத்திடம் ஒப்படைக்கிறது.

இறுதி மோதலில் புறாக்கள்மீது வரும் குட்டி இயந்திரங்கள் அவற்றின் உயிரையே பணயமாக்கிப் பட்சிராசனைப் பணியவைக்கின்றன. பறவைகளுக்காக உயிர்நீத்தவர், பறவைகள்மீது கொண்ட அன்பினாலேயே வீழ்த்தப்படுகிறார். அதன்பின் அவர் கூறியதில் நியாயம் உண்டு என வசீகரன் ஒப்புகிறார். எதிர்நாயகனின் நியாயம் நாயகனுடையதினும் வலியது என்பதைத் திறனாய்வாளர் சிலர் உணர்ந்தே எழுதினர். ஆனால் அதனைப் பாத்திரப் படைப்பின் ஏற்றத்தாழ்வாக மட்டும் கொண்டனர். கீழ்ப்படிதல் அறமாகாது என்று தொடங்கிய கதைவரிசை, கீழ்ப்படியும் பொறியின் வெற்றியைக் கொண்டாடி முடிவதே அவ்வேற்றத்தாழ்வின் வேர்.

ஒப்பீடு: ‘மேன்கைண்ட் டிவைடட்’

இதே வினாவை வேறொரு கலைவடிவத்தின் திறனாய்வு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஒப்புநோக்கலாம். ஈடோஸ் மாண்ட்ரியல் உருவாக்கி ஸ்கொயர் எனிக்ஸ் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட ‘டியூஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட்’, ‘ஹியூமன் ரெவல்யூஷன்’ (2011) என்னும் விளையாட்டின் தொடர்ச்சி. ஒளிந்து முன்னேறுதல், உரையாடல், மோதல் என விளையாடுபவரே வழியைத் தேர்ந்துகொள்ளும் பாத்திரமேற்பு விளையாட்டு அது. 2029ஆம் ஆண்டின் பிராக் நகரம் அதன் களம். உடலில் இயந்திர உறுப்பு பொருத்தப்பட்டோர் அங்கு அச்சத்துக்குரியோராக ஒதுக்கப்படுகின்றனர்.

நகர வடிவமைப்பும் வழித்தேர்வு உரிமையும் பாராட்டப்பட்டன. கதை திடீரென முடிந்ததும் கூடுதல் கட்டணப் பொருள்கள் விற்கப்பட்டதும் கண்டிக்கப்பட்டன. இவ்வளவில் அது ‘2.0’ பெற்ற வரவேற்பை ஒத்தது. வேறுபாடு அடுத்த நிலையில் தோன்றுகிறது. அவ்விளையாட்டின் விளம்பரம் தென்னாப்பிரிக்க இனஒதுக்கலைக் குறிக்கும் சொல்லை இயந்திரத்தோடு இணைத்துப் பயன்படுத்தியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை முழக்கத்தை ஒத்த வாசகமும் அதில் இடம்பெற்றது. மெய்யான மக்களின் வரலாற்றுத் துயரைக் கதைக்குக் கடன் வாங்கும்போது அதற்குப் படைப்பு எவ்வாறு பொறுப்பேற்கிறது எனத் திறனாய்வாளர்கள் வினவினர். செல்வந்தரும் தாமே விரும்பிப் பெறக்கூடிய உறுப்பு மாற்றத்தைப் பிறப்பால் வந்த ஒடுக்குமுறையோடு ஒப்பிடலாமா என்னும் விவாதம் எழுந்தது.

‘2.0’ வாங்கிய கடனும் இத்தகையதே. பட்சிராசனின் தோற்றம் பறவையியல் அறிஞர் சலீம் அலியை (1896–1987) நினைவூட்டுகிறது என்று பலரும் குறிப்பிட்டனர். பறவைகளைப் பொறுமையாகக் கண்டு பதிவுசெய்யும் நெறியைத் தம் வாழ்வால் வளர்த்தவர் அவர். அத்தகைய அறிஞரின் சாயலைப் பழிவாங்கும் ஆவியாக மாற்றுவது இந்தியச் சூழலியல் அறிவை எவ்வாறு காட்டுகிறது? நிறுவனங்களின் முறையீடு அறிவியல் உண்மையை நோக்கிய அளவிற்குத் திறனாய்வு இவ்வறவினாவை நோக்கவில்லை.

முடிவுரை

தொழில்நுட்ப மதிப்பீடும் திரைக்கதை மதிப்பீடும் எப்படத்துக்கும் பொதுவானவை. தொடர்ச்சிப் படைப்புக்கு அவற்றோடு இரண்டு அளவுகோல்கள் தேவை: முதற்படைப்பின் முடிபுக்கு அது தரும் மதிப்பு, மெய்யுலகத் துயரிலிருந்து அது பெறும் கடனுக்கு ஏற்கும் பொறுப்பு. முன்னதற்கான கருத்தை வழிநூல் மரபு தருகிறது. பின்னதற்கான முன்மாதிரியைக் கணினி விளையாட்டுத் திறனாய்வு காட்டியுள்ளது.

இவ்வளவுகோல்களால் நோக்குகையில் ‘2.0’ முற்றிலும் தோற்ற படைப்பாகாது. மனிதரல்லாத உயிர்களின் வாழ்வுரிமையைப் பெருவணிகத் திரைப்படத்தின் மையத்தில் அது வைத்தது. அதன் குறை, அவ்வுரிமையைப் பேச வந்தபோது, சிந்திக்கும் பொறியின் உரிமை குறித்துத் தன் முதற்படைப்பு எழுப்பியிருந்த வினாவைக் கைவிட்டதாகும். பறவையின் வாழ்வுரிமையும் பொறியின் சிந்தனையுரிமையும் ஒரே களத்தில் எதிர்கொண்டிருக்கக்கூடிய வாய்ப்பு இதனால் இழக்கப்பட்டது. செலவுத் தொகையையும் வசூலையும் முதன்மையாக்கும் பேச்சுக்குள் திறனாய்வும் ஒடுங்குமாயின், இத்தகைய இழப்புகள் இழப்பாகவே அறியப்படாமல் போகும். தமிழில் அறிவியல் புனைவுத் தொடர்ச்சிகள் இனியும் வரும். அவை முந்தைய படைப்புகளுக்குப் பட்ட கடனை எண்ணிப்பார்ப்பது தமிழாய்வின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.