சார்ந்ததன் வண்ணம்: அரவிந்தரும் மெய்கண்டாரும்

‘இந்தியத் தத்துவத்தில் நான் என்பதே பொய்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். புதுச்சேரியில் இருந்துகொண்டும் அப்படிச் சொன்னா எப்படி?

1910-ல் இங்கே வந்த அரவிந்தர், 1914-ல் ‘ஆர்யா’ இதழில் ‘தி லைஃப் டிவைன்’ தொடரை ஆரம்பித்தார். அதில் அவர் மோதுவது முக்கியமாகச் சங்கரரோடும் பௌத்தத்தோடும். உலகம் பொய்யில்லை, தனி ஆன்மாவும் பொய்யில்லை. அது பிறவிதோறும் வளர்கிறது என்கிறார்.

உலகமும் உயிரும் மெய் என்பதைச் சைவ சித்தாந்தம் எப்பவோ சொல்லிடுச்சு. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வெறும் 12 சூத்திரத்தில் நிறுவினார். (சைவ ஆகமச் சுவடிகள் இதே ஊரில், பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.) ஆனால் அங்கே முத்தியிலும் உயிர் சிவமாகிவிடாது, பிரிந்தும் நிற்காது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும்: மலத்தைச் சார்ந்தால் அதன் நிறம், சிவத்தைச் சார்ந்தால் இதன் நிறம்.

எனக்கு இதுதான் வலுவாகப் படுகிறது. ஒருவன் பொய் சொன்னால் அது யார் கணக்கு? அரவிந்தரிடம் அது மேலோட்டமான ஆசை மனத்தின் கணக்கில் போய்விடுகிறது; உள்ளே இருப்பவருக்கு அழுக்கே படவில்லை. சித்தாந்தத்தில் சார்ந்தவன் அவனேதான். ஆணவ மலம் அநாதி என்றால் அவனை மட்டும் எப்படிக் குறை சொல்றது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தனியாக எழுதணும்.