இசட்எஃப்எஸ்ஸும் லினக்ஸ் 5.0-உம்: ஒரு ஃபங்ஷனை மூடிய கதை

2019 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.0 வந்தது. அதில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை ஓட்டியவர்களின் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் வேகத்தில் ஒரு பகுதி போயிடுச்சு. செயலியில் கோளாறு இல்லை, நிரலில் பிழையும் இல்லை. காரணம் உரிமம். லைசென்ஸ் எல்லாம் வக்கீல்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று சொல்பவர்களிடம் நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

என்ன நடந்தது? இசட்எஃப்எஸ்ஸின் பெருமையே, ஒவ்வொரு பிளாக்கைப் படிக்கும்போதும் செக்சம் போட்டுச் சரிபார்ப்பது. டிஸ்க் சத்தமில்லாமல் ஒரு பிட்டை மாற்றிவிட்டால்கூடப் பிடித்துவிடும். ரெய்டு-இசட் என்றால் பாரிட்டி கணக்கு, என்க்ரிப்ஷன் என்றால் ஏஇஎஸ் கணக்கு. இத்தனைக்கும் செயலியின் ஏவிஎக்ஸ் மாதிரியான சிம்டி கட்டளைகள்தான் கைகொடுக்கும். அவற்றைக் கெர்னலுக்குள் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பெரிய ரெஜிஸ்டர்களில் ஏற்கெனவே ஏதோ ஒரு பயனர் நிரலின் எண்கள் இருக்கும். தொடும் முன் அவற்றை எடுத்து வைக்கணும், முடிந்ததும் திருப்பி வைக்கணும். இல்லையென்றால் அந்த நிரலின் கணக்கு கெட்டுப்போகும், அதற்குத் தெரியவும் தெரியாது.

இந்த வேலைக்குக் கெர்னலிலேயே ஃபங்ஷன்கள் உண்டு. கெர்னல் தன் ஃபங்ஷன்களை மாட்யூல்களுக்கு இரண்டு விதமாகத் திறந்துவிடுகிறது: எல்லோருக்கும், அல்லது ஜிபிஎல் என்று தன்னை அறிவித்துக்கொண்ட மாட்யூலுக்கு மட்டும். இசட்எஃப்எஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சிடிடிஎல் உரிமத்தில் வந்தது. அதனால் எல்லோருக்கும் திறந்திருந்த ஒரு ஃபங்ஷனை அது பயன்படுத்திவந்தது. 5.0-இல் அதை மூடிவிட்டார்கள். கெர்னல் மூலநிரலுக்குள் வேறு யாரும் அதை வெளியிலிருந்து அழைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். உண்மைதான். மிஞ்சியது ஜிபிஎல் மாட்யூல்களுக்கான ஃபங்ஷன் மட்டும். ஆக, இசட்எஃப்எஸ்ஸில் சிம்டி அணைக்கப்பட்டது.

இசட்எஃப்எஸ் தரப்பு முறையிட்டபோது கிரெக் குரோவா-ஹார்ட்மன் சொன்ன பதிலின் சாரம்: சன் நிறுவனமே தன் நிரல் லினக்ஸில் ஓடக்கூடாது என்று விரும்பியது, அதற்காக நாங்கள் ஏன் மெனக்கெடணும்?

இந்தப் பதில்தான் எனக்கு ஒப்பவில்லை. சன்னின் உள்நோக்கம் அப்படித்தானா என்பதில் அங்கே வேலை பார்த்தவர்களே ஒத்துப்போகவில்லை. ஆமாம் என்றவரும் உண்டு, இல்லவே இல்லை என்றவர்களும் உண்டு. அப்படியே இருந்தாலும், 2005-இல் ஒரு கம்பெனி நினைத்ததற்கான தண்டனை 2019-இல் தன் கோப்புகளைச் சரிபார்க்க விரும்பியவருக்கா? ரெஜிஸ்டரை எடுத்து வைத்துத் திருப்பி வைப்பது வெறும் வீட்டு ஒழுங்கு. அதை அழைத்தாலே ஒரு நிரல் லினக்ஸின் வழித்தோன்றல் ஆகிவிடும் என்று வாதிடுவது கஷ்டம். மாட்யூல்களைச் சேர்த்து விநியோகிக்கலாமா என்பது நியாயமான சட்டக் கேள்வி. அதற்கு இந்தப் பூட்டு பதில் இல்லை. பூட்டு வலுவானதும் இல்லை. ஜிபிஎல் தரும் உரிமையை வைத்தே நிக்ஸ்ஓஎஸ்காரர்கள் தங்கள் கெர்னலில் அந்த ஃபங்ஷனைத் திரும்பத் திறந்துகொண்டார்கள்.

கெர்னல்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. தங்கள் மரத்துக்கு வெளியே வளரும் நிரலுக்கு உள் ஃபங்ஷன்களை நிலையாக வைத்திருப்பதாக அவர்கள் என்றைக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆனால் விளைவைப் பாருங்க. இசட்எஃப்எஸ்காரர்கள் ரெஜிஸ்டர் வேலையைத் தாங்களே பார்க்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஜூலையில் சேர்த்த முதல் முயற்சி, கெர்னல் சிலவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியது. அது பார்த்துக்கொள்ளவில்லை. பயனர் நிரல்களின் எண்கள் கெட்டன. தரவு கெடாமல் காக்கப் பிறந்த கோப்பு முறைமை, அடுத்தவர் கணக்கைக் கெடுத்தது! அக்டோபரில், எதையும் கெர்னலிடம் விடாமல் ஒவ்வொரு முறையும் தானே சேமித்துத் தானே மீட்கும்படி மாற்றி எழுதினார்கள். சோதித்துத் தேறிய ஃபங்ஷன் பக்கத்திலேயே இருக்க, அதே வேலைக்கு இரண்டாவது நிரல்.

இதே இசட்எஃப்எஸ் ஃப்ரீபிஎஸ்டியில் 2008-இல் வந்த 7.0 வெளியீட்டிலேயே இடம்பிடித்துவிட்டது. அங்கே இப்படி ஒரு உரிம வேலி இல்லை.

என் கோபத்தில் பெரிய பங்கு ஆரக்கிளுக்குத்தான். 2010-இல் சன்னை வாங்கியதோடு சிடிடிஎல்லின் புதிய பதிப்பை வெளியிடும் அதிகாரமும் அதன் கைக்கு வந்தது. ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் ஒரு பதிப்பை எழுதினாலே பாதிச் சண்டை தீரும். 2020 ஜனவரியில் லினஸ் டோர்வால்ட்ஸ், ஆரக்கிளின் தலைமை வக்கீலோ லாரி எல்லிசனோ கையெழுத்திட்ட கடிதம் வராமல் இசட்எஃப்எஸ்ஸைச் சேர்க்க மாட்டேன் என்று எழுதினார். கூடவே, இசட்எஃப்எஸ்ஸைப் பயன்படுத்தாதீர்கள் என்றும். கடிதம் இன்னும் வரவில்லை.