மயான காண்டமும் மின்கிற்றாரும்

‘மயான காண்டம்’ என்ற சொற்றொடர் யாழ்ப்பாணத்தார்க்கு நூற்பெயராக மட்டும் நிற்பதன்று. வீரகவிராயரின் அரிச்சந்திர புராணத்திலுள்ள ஒரு காண்டத்தின் பெயர் அது; ஆயினும் குடாநாட்டிலே அப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் முதியோர் நெஞ்சில் எழுவது ஏட்டுப் பாட்டன்று, ஒரு குரல். காங்கேசன்துறையிற் பிறந்து வசந்த கான சபாவை நிலைநிறுத்திய நடிகமணி வி. வி. வைரமுத்துவின் (1924–1989) குரலே அது. அந்நாடகம் 3000 தடவைக்கு மேல் மேடையேறியதெனக் கூறுவர். எண்ணிக்கை எவ்வாறாயினும், கோயில் வீதிகளிலே விடியுமளவும் சாக்கு விரித்திருந்து கேட்டவர்கள் அடுத்த திருவிழாவிலும் அதே நாடகத்தையே கேட்கப் போனார்கள் என்பதே திறனாய்வுக்கு முக்கியமானது.

இத்தகைய பழைய இசை நாடகமொன்றை மேலைநாட்டுக் கடும் றொக் இசையிலே புதுக்கலாமா என்னும் வினா இன்று எழுகின்றது. வினாவைக் கேட்டவுடன் முகஞ் சுளிப்போர் பலர். முகஞ் சுளிக்குமுன் அந்நாடகத்தின் இசை எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த இசை நாடக மரபிலே பார்சி நாடகக் கம்பெனிகளின் மெட்டுகளும் இந்துஸ்தானி இசையும் கருநாடக இசையும் ஒருங்கு கலந்தன. திரைச்சீலையும் பக்கத்தட்டியும் பார்சி மேடையிலிருந்து வந்தவை. ஆர்மோனியமோ ஐரோப்பாவிலிருந்து வந்தது. கமகத்துக்கு ஒவ்வாத கருவியென்று இகழப்பட்டு, 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியிலே அதற்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. இன்று ‘மரபு’ என்று நாம் போற்றும் ஒலியின் நடுநாயகமாக இருப்பது அந்தக் கருவியே. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து ஆடியபோது நாட்டுக்கூத்திலே தோய்ந்த அண்ணாவிமாருக்கு இதுவும் ஒரு புதிய ஆரவாரமாகவே கேட்டிருக்கும்.

வைரமுத்து செய்ததும் புதுக்கலே. நாட்டை இழந்து, மனைவியையும் மைந்தனையும் விற்று, பொய்யா மொழிக்காகத் தன்னையும் விற்ற அரசனது நெடுங்கதையின் ஒரு காண்டத்தையே தனி நாடகமாக நிறுத்தினார். அதனால் அரண்மனை போயிற்று, வேட்டை போயிற்று. எஞ்சியது இருளிலே ஒரு சுடலைக் காவலன். அரவு தீண்டி இறந்த மகனைச் சுமந்துவரும் பெண்ணிடம் அவன் வாய்க்கரிசியும் முழத்துண்டும் காற்பணமும் கேட்கின்றான். கணவன் கண்ணுக்கன்றிப் பிறர் கண்ணுக்குப் புலப்படாத தாலியை அவன் கண்டு சொல்லும்போதே அவள் யாரென்பதும் பிணம் யாருடையதென்பதும் வெளியாகின்றன. அதன் பின்னரும் அவன் கூலியை விட்டுக்கொடுப்பதில்லை. தந்தை என்ற உரிமையினும் ஏவலாளன் என்ற கடமையே பெரிதாக நிற்கும் இக்கொடுமைதான் நாடகத்தின் உயிர்நிலை. மற்றவை யாவும் அதற்குப் பந்தல்.

மேலைநாட்டு அனுபவம் ஈண்டு ஓரளவு துணை செய்யும். 1728இல் ஜோன் கே இயற்றிய ‘பிச்சைக்கார ஒப்பெரா’வை 1928இல் பிரெக்டும் கூர்ட் வைலும் ‘மூன்று காசு ஒப்பெரா’வாக்கியபோது, பழைய மெட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைத் தம் காலத்து நடன விடுதிகளின் இசைச் சாயலிற் புதிதாக அமைத்தனர். ஆயினும் மூலத்தின் கடி சொல் மழுங்கவில்லை. 1970இல் இசைத்தட்டாக வெளிவந்து 1971இல் நியூயோர்க் மேடையேறிய ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்ரார்’ நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு. அவ்விசைத்தட்டிலே இயேசுவாகப் பாடியவர் கடும் றொக் குழுவாகிய டீப் பேர்பிளின் பாடகர் இயன் கில்லன். கெத்செமனித் தோட்டத்திலே தனித்திருக்கும் இயேசுவின் பாட்டு மெல்லத் தொடங்குகின்றது; தாங்கமாட்டாத நிலையிலே குரல் வீறிட்டெழுகின்றது. தனியனாய் நின்று விதியோடு வழக்காடும் ஒருவனுக்கு இவ்விசை பொருந்தாது என்று இனிச் சொல்லுதல் அரிது.

இசையிலக்கண நோக்கிலும் ஒரு வியப்பான பொருத்தம் உண்டு. மின்கிற்றாரின் ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும்போது பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். ஆகவே கடும் றொக் வாசிப்போர் பெரிதும் ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மாத்திரமே சேர்த்து மீட்டுவர். காந்தாரம் அங்கே இல்லை. சட்சமமும் பஞ்சமமும் நம் தம்புராவின் சுருதியன்றி வேறென்ன? எந்தக் காந்தாரத்தையுடைய இராகமும் அதன்மேல் தடையின்றி நிற்கலாம். பெங்களூரைச் சேர்ந்த ‘அகம்’ போன்ற குழுக்கள் கீர்த்தனைகளை றொக் இசையோடு இயைத்துப் பாடுவதற்கு இவ்வியல்பும் இடங்கொடுக்கின்றது எனலாம்.

முரசொலியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சுடலைக்குரிய வாத்தியம் பறை. நாடகமோ சுடலையில் நிகழ்வது. பக்கத்தில் ஒலிப்பதோ மிருதங்கம். பறையைச் சாவுக்குரியதென்று ஒதுக்கி, அதை அடித்தவரையும் ஒதுக்கிய சமூகத்தார், ஓர் அரசன் வெட்டியானாகி நிற்கும் கதையை விரும்பிக் கேட்டபோதும் அந்த ஒலியை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டனர். றொக் குழுவின் பெருமுரசு அவ்விடத்தை நிரப்பக்கூடும். பறையையே கொண்டுவந்து அதனோடு சேர்த்தால் இன்னும் பொருந்தும்.

ஆயின் இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. மயான காண்டத்தின் நெஞ்சை உருக்கும் பகுதிகள் விருத்தங்கள். விருத்தத்துக்குத் தாளமில்லை. நடிகன் ஒரு சொல்லிலே நின்று விம்மலாம், அதே சொல்லை மூன்று முறை வேறு வேறு வழியால் அணுகலாம். ஆர்மோனியக்காரர் அவன் வாயைப் பார்த்தபடி பின்தொடர்வார். சில வேளை பின்பாட்டும் பாடுவார், மறுமொழியும் சொல்வார். ஒத்திகையின்றி மேடையிலேயே கூடும் ஸ்பெஷல் நாடகக்காரர்க்குக் கைவந்த கலை இது. றொக் குழுவோ பெரும்பாலும் அளந்து வைத்த அடிகளிலே நடப்பது. முரசுக்காரன் எண்ணிக்கொண்டிருக்க, மகனின் பிணத்தை இனங்கண்ட தந்தை அந்த எண்ணிக்கைக்குள் அழவேண்டுமாயின் அது அழுகையாகாது. குழு நடிகனைப் பின்பற்றக் கற்க வேண்டும். விருத்தம் வருமிடத்திலே முரசு வாளாவிருக்க, கிற்றார் ஒரே சுருதியை நீட்டி நிற்றல் வேண்டும். இதனைச் செய்யமாட்டாதவர் வேறு நாடகத்தைத் தேடிக்கொள்ளலாம், பவளக்கொடி இருக்கின்றது.

சொல் கேட்கவேண்டும் என்பது அடுத்தது. முழத்துண்டு என்ற சொல் கிற்றாரின் இரைச்சலில் மூழ்கிவிட்டால் நாடகமே மூழ்கிவிடும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962) முதலாகக் கூத்தைச் சுருக்கிப் புதுக்கியபோதும் ஆட்டம் குறைந்ததென்று குறை கூறினோர் இருந்தனர். எனினும் பாட்டின் சொல் அவையின் கடைசி வரிசை வரை சென்றது.

இவ்வினா வெறுஞ் சுவை பற்றியதாயின் இவ்வளவு ஆராயவேண்டியதில்லை. வைரமுத்து மறைந்தது 1989இல். அடுத்த ஆண்டிலேயே போர் காரணமாகக் காங்கேசன்துறை மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் ஓய்ந்தது. ஒரு நாடகத்தை மனப்பாடமாக அறிந்திருந்த அவை ஒரே காலத்தில் கலைந்துபோயிற்று. இன்று அதன் பேரப்பிள்ளைகள் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கிற்றார் பயில்கின்றனர். பாட்டனார் ஒலிப்பதிவிலே கேட்டழும் விருத்தம் அவர்களுக்கு விளங்குவதில்லை. பாட்டனாரோ பேரனின் அறைக்கதவைச் சாத்துகின்றார். மின்கிற்றார் வேண்டாமென்போர் இக்கதவைத் திறக்க வேறு வழி எதுவென்று சொல்லக் கடமைப்பட்டவர்.

2015இல் புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடியது. 2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் அத்துறைக்கு வந்தது. வடகரையிலிருந்து அன்று நாடகமும் ஆர்மோனியமும் கடந்து வந்த கடல் அது. இனி மேடையொன்று அமைப்பின், சந்திரமதி பிணத்தோடு நுழையும் அந்த ஒரு கணத்திலாவது ஆர்மோனியத்தைத் தனித்து ஒலிக்கவிட்டு, கிற்றார்க்காரர் கையை நரம்பின்மேல் வைத்து ஒலியை அடக்கிக்கொண்டு காத்திருப்பாராக.