மண் பெயராத பஞ்சவடி: ஜப்பானிய இராமாயணப் படமும் தமிழ்ப் பார்வையாளரும்

ஜப்பானிய அசைவூட்டப் படங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மியாசாக்கியின் பெயரோடு தொடங்கி அவர் பெயரோடு முடித்துக்கொள்கின்றனர். இந்தியவியல் துறையினராகிய நமக்கு அவர் படங்களைவிட நெருக்கமான படம் ஒன்று உண்டு. யூகோ சாக்கோ, கோயிச்சி சசாக்கி என்னும் ஜப்பானியர் இருவரும், இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான இராம் மோகனும் இணைந்து இயக்கி 1992-இல் நிறைவுற்ற 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்பதே அது. இப்படம் வான்மீகியை எவ்வளவு உண்மையாகப் பின்பற்றுகிறது என்ற கேள்வியே இதுவரை மிகுதியாகக் கேட்கப்பட்டு வந்துள்ளது. தமிழ்ப் பார்வையாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது நம் கருத்து. அக்கேள்வியை நமக்கு எடுத்துக்கொடுத்தவர் கோலா சுங்கை பாருவில் ஒரு மூதாட்டி.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் கடலோரமாக அமைந்த சிற்றூர் கோலா சுங்கை பாரு. அதன் உட்பகுதித் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை நிற்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் அவ்வட்டாரத்துத் தோட்டக் கோவில் மண்டபம் ஒன்றில் பிள்ளைகளுக்காக இப்படத்தைத் திரையிட நம் மாணவர் சிலர் ஏற்பாடு செய்திருந்தனர். கையில் இருந்தது ஆங்கில ஒலியுடன் கூடிய குறுவட்டு. ஆகவே மாணவி ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி தமிழில் கதை சொல்லி வந்தார். பஞ்சவடிக் காட்சி வந்தது. தவவேடம் கலைந்து இராவணன் பேருருக் கொண்டதும் மாணவி, வகுப்பில் கம்பனைப் பயின்ற பழக்கத்தால், "சீதையைத் தொடாமல் குடிலோடு மண்ணையே பெயர்த்தெடுத்தான்" என்று சொல்லிவிட்டார். முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி உடனே திரும்பினார். "என்னம்மா, மண்ணோட தூக்கலையே! அந்தப் புள்ளையத்தான தூக்கிட்டுப் போறான்?" என்றார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மாணவி நம்மைப் பார்த்தார். நமக்கும் அந்நேரத்தில் சொல்ல விடையில்லை.

அம்மூதாட்டி கம்பராமாயணத்தை நூலாகப் படித்தவர் அல்லர். தோட்டத்துக் கோவிலில் கேட்ட கதையாக அது அவரிடம் இருந்தது. வான்மீகியின் ஆரணிய காண்டத்தில் இராவணன் சீதையின் கூந்தலை ஒரு கையாலும் தொடைகளை மறு கையாலும் பற்றித் தேரில் ஏற்றுகிறான். கம்பனோ இதனைத் தமிழ் மண்ணில் சொல்ல ஒப்பவில்லை. ஒரு யோசனை அளவு நிலத்தைப் பன்னசாலையோடு பெயர்த்தெடுக்கச் செய்தான். விரும்பாத மகளிரைத் தீண்டலாகாது என்ற சாபம் அதற்குக் காரணமாக அமைகிறது. இதனை நாகரிகம் கருதிச் செய்த சிறு மாற்றம் எனப் பலர் எழுதியுள்ளனர். அவ்விளக்கம் போதாது என்பதே நம் எண்ணம். நிலம் வேரோடு பெயர்கிறது என்பது ஒரு பெருங்காட்சி. கம்பன் இங்குச் சொல்லை மாற்றவில்லை. படத்தையே மாற்றி வரைந்தான். எழுத்தில் இதனைச் செய்வதைக்காட்டிலும் அசைவூட்டத்தில் செய்வது எளிது. நடிகரையும் அரங்கப் பொருள்களையும் நம்பியிருக்கும் படத்தில் நிலம் பெயர்வதைக் காட்டப் பெருஞ்செலவு ஆகும். கையால் வரையும் படத்திற்குத் தாளும் தூரிகையும் போதும். அத்தகைய கலைவடிவம் அக்காட்சியை நழுவவிட்டதே மூதாட்டியின் கேள்வியில் உள்ள வலி.

இனிப் படத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். சாக்கோ ஆவணப்பட இயக்குநர். இராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களில் தொல்லியல் அறிஞர் பி. பி. லால் நடத்திய அகழாய்வு பற்றிய ஆவணப்படப் பணிக்காக 1980-களின் தொடக்கத்தில் அவர் இந்தியா வந்தபோதுதான் இக்கதை அவரைப் பற்றிக்கொண்டது. அயல்நாட்டார் ஒருவர் இராமனைப் படமாக்குவதா என்ற எதிர்ப்பு இந்தியாவில் எழுந்தது. இராமனைக் கேலிச்சித்திரம் ஆக்கிவிடுவார்களோ என்ற தயக்கம் அரசுத் தரப்பிலும் இருந்தது. முடிவில் படம் ஜப்பானில், இந்தியக் கலைஞரின் துணையுடன் உருவாயிற்று. வேட்டியின் மடிப்பு எவ்வாறு விழும், பெரியோரை வணங்குவோர் எவ்வாறு குனிவர் என்பன போன்றவற்றை ஜப்பானிய ஓவியர்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பு இராம் மோகன் தரப்பினருடையது. 1956-இல் மும்பையின் திரைப்படப் பிரிவில் தொடங்கிய அசைவூட்ட அலகில், டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் என்பாரிடம் தொழில் பயின்றவர் அவர். 1993-இல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. முந்திய ஆண்டு திசம்பரில் அயோத்தியில் நிகழ்ந்தவற்றின் சூடு ஆறாத காலம் அது. பரவலான திரையீடு அப்போது வாய்க்கவில்லை. பின்னர்த் தொலைக்காட்சி வழியாகவே ஒரு தலைமுறை இதனைக் கண்டது. இந்திப் பதிப்பில் இராமனுக்குக் குரல் கொடுத்தவர், 1987-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் இராமனாக நடித்த அருண் கோவில். இராவணனுக்குக் குரல் அம்ரீஷ் பூரி. சாக்கோ 2012-இலும் இராம் மோகன் 2019-இலும் மறைந்தனர்.

வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த நாள்களில் நாம் முதலில் கண்டது அமெரிக்காவுக்கென வெட்டிச் சுருக்கிய பதிப்பு. பின்னர் முழுப் படத்தைக் கண்டபோது அதன் பெருமை விளங்கிற்று. வனராஜ் பாட்டியாவின் இசையும் சமஸ்கிருதப் பாடல்களும் கதைக்கு ஒரு பழைமையைத் தருகின்றன. பின்னணி ஓவியங்களின் நிதானம் போற்றத்தக்கது. காடு இங்கே வெறும் பின்புலம் அன்று. ஒளி இலைகளினூடே இறங்கி நகர்வதைப் பார்க்க நமக்கு நேரம் தரப்படுகிறது. அனுமன் கடல் தாண்டும் பகுதியைப் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தனர். கணினியின் துணையின்றிக் கையால் வரைந்த கோடுகள் இன்றும் முதுமை எய்தவில்லை. ஒரு கார்ட்டூனைப் பற்றி இவ்வாறு எழுதினால் தமிழாய்வு மேடைகளில் புன்னகை எழும் என்பதை நாம் அறிவோம். அப்புன்னகையைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

எனினும் கும்பகருணன் வரும்போது நம் மனம் ஒட்டவில்லை. படத்தில் நினைவில் நிற்பது அவன் பேருருவம். வானரர் அவன் காலடியில் சிதறும் காட்சி. கம்பனில் நினைவில் நிற்பது அவன் பேச்சு. தமையன் செய்தது தவறு என இடித்துரைத்தவன், தம்பி வீடணன் வந்து அழைத்தபோதும் உண்ட சோற்றின் கடனை விட்டு வர மறுத்தவன், தோல்வி உறுதி எனத் தெரிந்தே களம் புகுந்தவன் அவன். மூக்கிழந்த தன் முகத்தை யாரும் காணாதபடி தலையைக் கடலில் இட்டுவிடுமாறு இராமனிடமே வேண்டுகிறான். இத்தகைய ஒருவனை உருவத்தின் அளவால் மட்டும் பெரியவனாக்கினால் தமிழ்ப் பார்வையாளர்க்கு அவன் சிறுத்தே தோன்றுவான்.

ஏ. கே. இராமானுஜன் 1991-இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில், மூலம் ஒன்று, மற்றவை திரிபுகள் என்ற நோக்கை மறுத்து ஒவ்வோர் இராமாயணமும் ஒரு தனிச் சொல்முறையே என வாதிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முதன்மைச் சான்று வான்மீகியிலும் கம்பனிலும் வரும் அகலிகை. அவ்வாதத்தின்படி சாக்கோவின் படமும் மற்றோர் இராமாயணமே. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தனிச் சொல்முறை என்றால் அது எதையாவது தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். சாக்கோ இந்தியர் மனம் புண்படலாகாது என்ற அச்சத்தாலும் அன்பாலும் மூலத்தின் மடியைவிட்டு இறங்கவில்லை. எதிர்ப்பைச் சந்தித்த அயலார் ஒருவர் வேறெப்படி நடந்துகொள்ள முடியும்? குறை அவருடையது மட்டும் அன்று. உரிமை கொண்டாடியோரும் அதற்குப் பொறுப்பாவர்.

அண்டையில் உள்ள சான்றுகளைக் காண்க. கிளந்தானின் வாயாங் கூலிட்டில் இக்கதை மகாராஜா வானாவின் கதையாக, இராவணன் பெயராலேயே வழங்குகிறது. தாலாங் என்னும் கதைசொல்லி நிழலுருக்களை அசைத்துக்கொண்டே பேசுகிறார். பாக் டோகோல், வாக் லோங் என வான்மீகி அறியாத நகைச்சுவைப் பாத்திரங்கள் நடுவில் வந்து உள்ளூர்ச் செய்தி பேசுவர். கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோவில்களில் நிகழும் தோல்பாவைக் கூத்தில் புலவர்கள் பாடுவது கம்பனின் தமிழ்ப் பாடல்களை. மலையாள நாட்டில், தமிழ்ச் செய்யுளுக்கு நிழல் ஆடுகிறது. இவ்விரண்டு மரபிலும் படமும் சொல்லும் ஒரே ஆளின், ஒரே குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. நம் மாணவி அன்று அறியாமலே தாலாங்கின் இடத்தில் நின்றார். ஆனால் திரையில் அசைந்த உருக்கள் அவர் கைவசம் இல்லை. அதனாலேயே அவர் சொன்ன கம்பனைத் திரையின் வான்மீகி மறுத்துவிட்டார்.

2025 சனவரி 24 அன்று இப்படம் புதுப்பிக்கப்பட்ட வடிவில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானபோது, இந்தி, ஆங்கிலம், தெலுங்கு ஆகியவற்றுடன் தமிழ் ஒலியும் சேர்ந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்த தமிழ் ஒலியை நாம் வரவேற்கிறோம். எனினும் மொழிமாற்று ஒலியின் எல்லையை மறக்கலாகாது. வரைந்த வாய் எத்தனை முறை அசைகிறதோ அத்தனை அசைக்குள் தமிழ் அடங்க வேண்டும். இலட்சுமணன் என்பதா, கம்பன் வழியில் இலக்குவன் என்பதா என்ற தேர்வைக்கூட உதட்டசைவு பாதி முடிவு செய்துவிடும். குரல் எவ்வளவு செந்தமிழ் பேசினாலும் பஞ்சவடியில் மண் பெயரப் போவதில்லை.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் இலக்கிய நுட்பம் அன்று. 2007-இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரில் இராஜு என்னும் இந்தியச் சிறுவன் தன் மாட்டோடு வருகிறான்; பிள்ளைகள் அவனைத் தம்முள் ஒருவனாகவே கொண்டாடுகின்றனர். அவன் பேசும் மொழி மலாய். உருவம் நம்முடையதாக இருந்து சொல் பிறருடையதாக இருப்பது அது. சொல் நம்முடையதாக இருந்து உருவம் பிறருடையதாக இருப்பது தமிழ் ஒலி சேர்ந்த இராமாயணப் படம். இரண்டும் பயனுள்ளவையே. இரண்டாலும் நிறைவடைந்துவிட்டால், பிள்ளைகளின் கையில் தூரிகையைக் கொடுக்கும் எண்ணம் நமக்கு எழாது.

அன்றைய திரையீட்டின் முடிவில் பிள்ளைகளுக்கு வரைதாள் கொடுத்தோம். பெரும்பாலோர் அனுமனையே வரைந்தனர். மூதாட்டி கும்பகருணன் என்ன பேசினான் என்று மாணவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் குறுவட்டு முடிந்துவிட்டது. அடுத்த புரட்டாசியில் மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம். கும்பகருணன் வரும் இடத்தில் படத்தை நிறுத்திவைத்து, அவன் பேச்சு முழுவதையும் மாணவியே சொல்வதென முடிவு. பஞ்சவடிக்கு மட்டும் பிள்ளைகள் வேறு படம் வரைந்து வரட்டும் என அப்பள்ளி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டோம். ஒரு யோசனை நிலத்தை எவ்வளவு பெரிய தாளில் வரைவது என்று அவர் திருப்பிக் கேட்டார்.