கைபடாத வரிகள்

ஸாஸ் என்ற நிரல்மொழியில் & குறிக்குத் தனி அதிகாரம் உண்டு. நிரலின் தொடக்கத்தில் %லெட் மூலம் 'இயர்' என்ற மேக்ரோ மாறிக்கு 2024 என்று மதிப்புக் கொடுத்துவிட்டால், பிறகு &இயர் என்று எழுதிய இடத்திலெல்லாம் 2024 வந்து உட்காரும்: கோப்பின் பெயரில், நிபந்தனையில், இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் தலைப்பில். டேட்டாலைன்ஸ் கட்டளைக்குக் கீழே, நிரலுக்குள்ளேயே தட்டச்சு செய்த தரவு வரிகளில் அது செல்லாது. எழுத்து மாறியாகப் படித்தால், &இயர் எழுதியது எழுதியபடியே தரவுத்தொகுப்பில் போய்ச் சேரும்.

பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கோ இந்த மொழியின் மிக நாகரிகமான பண்பு இதுதான்.

நிரலைச் சொல் சொல்லாகப் பிரிப்பது வேர்ட் ஸ்கேனரின் வேலை. & அல்லது % குறியை ஒட்டி ஒரு பெயர் வந்தால், அதை மதிப்பாக மாற்றும் மேக்ரோ ப்ராசஸரைக் கூப்பிடுவதும் அதுதான். டேட்டாலைன்ஸ் வந்ததும் அது ஒதுங்கிக்கொள்கிறது; அரைப்புள்ளி உள்ள வரி வரும்வரை எல்லா வரிகளும் பிரிபடாமல், தரவைப் படிக்கும் டேட்டா ஸ்டெப்புக்கு நேரே போகின்றன. பிரிக்க ஆளில்லாதபோது கூப்பிடவும் ஆளில்லை.

துறைப் பட்டியலில் ஆர்&டி என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை நிரலில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், 'டி' என்ற மாறியைக் காணோமே என்று எச்சரிக்கை வரும். அப்படியொரு மாறி தற்செயலாக இருந்துவிட்டால் இன்னும் மோசம்: சத்தமே இல்லாமல் துறையின் பெயர் மாறிவிடும். தரவு வரியில் அந்தப் பயம் இல்லை. வெளியுலகம் சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்கிற பணிவு அது. தரவிலேயே அரைப்புள்ளி வருமானால் டேட்டாலைன்ஸ்4 இருக்கிறது. நான்கு அரைப்புள்ளி சேர்ந்து வந்தால்தான் அது முடியும். (கட்டளையின் பழைய பெயரான கார்ட்ஸ் இன்றும் செல்லும். அட்டைக்கு 80 எழுத்து என்ற துளையட்டைக் காலத்துக் கணக்கும் கார்ட்இமேஜ் என்ற அமைப்பில் உயிரோடு இருக்கிறது.)

தரவு வரியில் உள்ள குறியையும் மதிப்பாக மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் ரிசால்வ் என்ற சார்பு உண்டு. 'இன்புட் @' என்று வரியைப் பிடித்து நிறுத்தி, _இன்ஃபைல்_ என்ற இடைக்கிடங்கில் உள்ள அந்த வரியை ரிசால்வுக்குக் கொடுத்து, வந்த விடையை அங்கேயே திரும்ப வைத்து, மறுபடி இன்புட் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை @ எவ்வளவு அழகு! படித்த வரியை நழுவவிடாமல் ஒரு கணம் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. வழக்கமான & குறி, டேட்டா ஸ்டெப் ஓடத் தொடங்குமுன்பே மதிப்பாக மாறிவிடும்; ரிசால்வ் ஒவ்வொரு வரியும் ஓடும்போது கேட்கும். ஆகவே, ஓடும்போதே மேக்ரோ மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் கால் சிம்புட் முந்தைய வரியில் வைத்த மதிப்பு அடுத்த வரியிலேயே கிடைக்கும்.

ஆனாலும் முழு வரியையும் ரிசால்வுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது; ஆர்&டி மறுபடி மாட்டிக்கொள்ளும். முதலில் எல்லாவற்றையும் எழுத்தாகப் படித்து, மாற வேண்டிய அந்த ஒரு மாறியை மட்டும் கொடுப்பேன்.