சிரிக்காத வாத்தியார்

தியாகராய நகர் பனகல் பூங்காவில் ஒரு நாள் காலை. கடைகள் திறக்கச் சற்று நேரம் இருந்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு பையன் கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு ஒரே ஆங்கில வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜவுளிக்கடைச் சிப்பந்தி என்பது சீருடையிலேயே தெரிந்தது. ‘பில்’ என்ற சொல்லில்தான் தகராறு. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். ஆங்கிலத்திலோ அதைக் கனமாகச் சொன்னால் ரசீது. லேசாகச் சொன்னால் மாத்திரை. யந்திரம் மாத்திரை என்றே கேட்டுக்கொண்டிருந்தது.

“கூட வேலை பார்ப்பவர்களோடு பேசிப் பழகக் கூடாதா, தம்பி?” என்றேன்.

“தப்பாப் பேசினா சிரிக்கிறாங்க சார். இது சிரிக்காது.”

கணினி மூலம் ஆங்கிலம் கற்பதற்கு இதைவிடப் பெரிய நற்சாட்சி வேண்டியதில்லை. நம்மில் பலருக்கு ஆங்கிலம் வராமற்போவதற்கு இலக்கணத்தைவிட வெட்கமே காரணம். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நான் எழுந்து ஒரு பதில் சொன்னேன். விரிவுரையாளர் சிரித்தார், வகுப்பே சிரித்தது. அங்கே இருந்த வரையில் பிறகு நான் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் மயிலாப்பூர் லஸ் முனையில் வாங்கிய பழைய நாவல்கள் கொடுத்தது. கண்ணால் கற்ற பாஷை அது, காது அறியாதது.

ஆகவே சிரிக்காத வாத்தியாரை நான் அலட்சியம் செய்யமாட்டேன். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதே அந்த வாத்தியார் ஏழை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். இப்போது சட்டைப்பையிலேயே இருக்கிறார்.

ஆனால் அவரால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. மனிதரோடு உரையாடுவதுபோல் பாவனை செய்த முதல் கணினி நிரல்களில் ஒன்றை 1966-ல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்டார். அதற்கு ‘எலிசா’ என்று பெயர் வைத்தார். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்துப் பூக்காரியின் பெயர் அது. அந்த நாடகத்தை இன்று படித்தால், நம் கைப்பேசிக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. 1913-ல் முதன்முதலாக மேடையேறிய நாடகம்!

பேராசிரியர் ஹிக்கின்ஸ் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு அவளுக்கு உச்சரிப்புக் கற்றுத் தருகிறார். ஒலி சுத்தமாக வந்துவிடுகிறது. பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் அவள் அத்தை செத்த கதையைப் பிசகில்லாத உச்சரிப்பில் சொல்லுகிறாள்! எதைப் பேசுவது என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கடைசியில் அவளே சொல்லுகிறாள்: தன்னுடைய உண்மையான படிப்பு ஹிக்கின்ஸிடம் தொடங்கவில்லை, கர்னல் பிக்கரிங் முதன்முதலாகத் தன்னை மரியாதையாக அழைத்த அன்றுதான் தொடங்கியது என்று.

ஷா கண்ட உண்மை இதுதான். 2022-க்குப் பிறகு வந்திருக்கும் உரையாடும் யந்திரங்கள் ஹிக்கின்ஸைவிடப் பொறுமைசாலிகள், நல்ல மரியாதைக்காரர்களுங்கூட. ஆனால் அந்த மரியாதை எல்லோருக்கும் ஒன்றுபோல் அளக்கப்படுவது. பிக்கரிங்கின் சொல்லுக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம், அப்படி அழைக்காமலும் அவர் இருந்திருக்கலாம் என்பதே. சிரிக்கத் தெரிந்தவன் சிரிக்காமல் கேட்கும்போதுதான் கற்பவனுக்குத் தைரியம் பிறக்கிறது. யந்திரம் வெட்கத்தைத் தள்ளிப்போடும். போக்குவதற்கு மனிதன்தான் வேண்டும்.

அந்தப் பையனோடு நானே ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தேன். கடைக்காரனாக அவன், துணி வாங்க வந்தவனாக நான். பணம் கொடுத்ததாகப் பாவித்து, “ரிசிப்ட் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவன் தயங்கினான். “சார், தப்பா நினைக்காதீங்க. அதுல ‘ப்’ சத்தம் வராது. ‘ரிசீட்’னுதான் சொல்லணும்.”

இத்தனை வருஷம் கழித்து ஒருவன் என்னைத் திருத்தினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.